தொட்டி வாசலில் தாண்டிய கட்டம்

பாசிர் கூடாங்கில் ஓர் ஆலையில் என் வேலை எளிது. எண்ணெய்த் தொட்டியைக் கழுவ ஒருவர் உள்ளே இறங்கினால், நான் வாசலில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கொருமுறை அவரைக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் விசில் ஊத வேண்டும்.

அன்று உள்ளே சேகர் அண்ணன். ஒளித்துக் கொண்டுபோன கைப்பேசியில், பழம் அடுக்கும் விளையாட்டில் மூன்று நாளாகத் தாண்ட முடியாத கட்டத்தைத் தாண்டிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். இருபது நிமிடம் ஓடியிருந்தது.

"அண்ணே!"

என் குரல்தான் திரும்பி வந்தது. விசிலை வாயில் வைத்தேன். ஊத மூச்சு வரவில்லை.

"அலமாக், ஏன்டா கத்துற?" இருட்டுக்குள்ளிருந்து அண்ணன் குரல். "அசதியில கொஞ்சம் கண்ணசந்துட்டேன். நீதான் வெளிய பாத்துக்கிறியே!"

திரையில் நான் ஜெயித்ததற்கான வாணவேடிக்கை இன்னும் நிற்கவில்லை.

விளையாட்டை அன்றே அழித்துவிட்டேன். அண்ணனிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.