சங்ககிரிக் கோட்டையில் கேட்ட குரல்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு. கும்பகோணத்திலிருந்து சேலத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. ஊர் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. சேலத்திலேயே ஒரு மண்டபத்தில் சித்திரக் கண்காட்சி வைத்திருந்தார்கள். எங்கெங்கிருந்தோ கொண்டுவந்த எண்ணெய் வர்ணப் படங்களாம். அதைப் பார்க்க வேண்டுமென்று என் மனைவிக்கு ஆசை. எனக்கோ சங்ககிரிக் கோட்டை. "சாயம் பூசின துணியை என்னத்தைப் பாக்கறது? கோட்டைக்கு ரயிலேறினா ஒரு மணி நேரம்" என்று ஒரே பிடியாக நின்றேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். அவள் புளியோதரையைக் கட்டிக்கொண்டு கூட வந்தாள்.

ஒவ்வொரு வாசலாகக் கடந்து மேல் மதிலுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. இது பீரங்கி மேடை, அது வெடிமருந்துக் கிடங்கு என்று நான் தெரிந்ததும் தெரியாததுமாக அளந்துகொண்டிருந்தேன். அப்போது கீழேயிருந்து ஒரு பெண்குரல். "சாமீ... சாமீ..."

எட்டிப் பார்த்தேன். வெகு கீழே, பாறைச் சுனை ஒன்றின் ஓரத்தில், ஒரு பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். காற்றில் வேறு வார்த்தை எதுவும் வந்து சேரவில்லை.

"அழற மாதிரி இருக்குங்க. இறங்கிப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"மேல பெருமாள் கோயில் இருக்கே, அதைப் பாத்துக் கும்பிடறா. ஏதாவது வேண்டுதலா இருக்கும். நடுவுல போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். "வந்த இடத்துல சும்மா இரேன்" என்று எரிந்து விழுந்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. வேண்டுதல் முடிந்தது என்று நினைத்தேன், பாவி!

இறங்கும் வழியில்தான் அந்தச் சுனை. ஒரு புல்லுக்கட்டு அவிழ்ந்து கிடந்தது. அந்தப் பெண் கழுத்துவரை நனைந்து பாறையில் சாய்ந்து கிடந்தாள். எங்களைக் கண்டதும் ஓடி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். தொண்டை கம்மிப்போயிருந்தது.

"என்ற புள்ள தண்ணிக்குள்ள போயிட்டாளுங்க... எறங்கிப் பாருங்க சாமி!"

இந்தப் பக்கத்தில் பெரியவரையும் சாமி என்பார்கள், மடியில் கிடக்கும் குழந்தையையும் சாமி என்பார்கள். ஆபீஸும் வீடுமாகவே இருந்த எனக்கு அது தெரியாது. அவள் கடவுளைக் கூப்பிடவில்லை, மனுஷரைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

காவிரியில் நீந்தி வளர்ந்தவன் நான். குதித்தேன். மூன்றாவது முழுக்கில் கையில் துணி அகப்பட்டது. நாலு வயசுதான் இருக்கும். தலைகீழாகத் தூக்கினேன், வயிற்றை அமுக்கினேன், என்னென்னவோ செய்தேன். உடம்பு ஜில்லிட்டுவிட்டது. முதல் கூப்பாட்டுக்கே இறங்கியிருந்தால்... அதற்கு மேல் நினைக்க இன்றும் எனக்குத் தைரியம் இல்லை.

தாய் குழந்தையை வாங்கி மடியில் போட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தொண்டத்தண்ணி வத்தக் கூப்புட்டனுங்க. யாரு காதுலயும் உழுகல. நீங்களாச்சும் வந்தீங்களே சாமி. உங்க கொழந்த குட்டியெல்லாம் நல்லாருக்கோணும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குக் கேட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. குழந்தையை அடிவாரம் வரை நான்தான் தூக்கி வந்தேன். தண்ணீரில் குதித்தவர் என்று ஊர்க்காரர்கள் எனக்கு மோர் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன்.

சித்திரம் பார்க்கப் போயிருந்தால் இந்தப் பாவம் நம்மைத் தொட்டிருக்காதே என்று வெகு நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்படிப் போயிருந்தாலும் அந்தக் குழந்தை பிழைத்திருக்காது. நான் அங்கே இருந்தும், காதில் விழுந்தும், அதற்கு நானாக ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேனே, அதுதான் ஆறவில்லை. அந்தத் தாய் வாழ்த்தியபடியே என் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் சிரிக்கிறபோதெல்லாம் அது நான் உண்மையை மறைத்து வாங்கிய வாழ்த்து என்ற நினைப்புதான் எனக்கு வருகிறது.