பதினொரு சொப்பின் பைகள்

எங்கள் வீட்டுக் கொடியில் உடுப்புக் காய்ந்த நாட்களைவிடச் சொப்பின் பை காய்ந்த நாட்கள் அதிகம். கடையில் சாமான் போட்டுத் தரும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் பைகளை அம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவி, காதைப் பிடித்துக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். காய்ந்ததும் நான்காக மடித்து அலுமாரிக்குள் வைப்பார். அலுமாரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மீள்குடியேற்றத்தில் கிடைத்த தகரப் பெட்டி அது.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த அத்தனை வருடமும் ஒரு நல்ல பை என்பது சொத்து. மழைக்குத் தலையில் கவிழ்க்க, கூரைப் பொத்தலை அடைக்க, ரேஷன் அரிசி வாங்க எல்லாவற்றுக்கும் அதுதான். சண்டை முடிந்து மன்னார்த் தீவுக்குத் திரும்பி வந்து பார்த்தால், இங்கே ஒரு நெருப்புப்பெட்டி வாங்கினாலும் புதுப் பையில் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். அம்மாவால் அதை நம்பவே முடியவில்லை. சீனியையும் தேயிலையையும் வேறு வேறாகப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கி வருவார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முகாமில் பிறந்து வளர்ந்தவள் ஆகையால் பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறந்தாலே சிரிப்புத்தான். சொப்பின் பையை நான் ‘கவர்’ என்றேன். கதிரையை ‘சேர்’ என்றேன். ‘இந்தியாக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இடைவேளையில் என்னோடு யாரும் சேர்வதில்லை. எனக்குக் கைவந்த ஒரே வித்தை, பையின் இரண்டு காதிலும் நூலைக் கட்டிப் பட்டம் விடுவது. காற்றுக்கு எதிரே நாலு எட்டு ஓடினால் பை வயிறு புடைத்து மேலே எழும்பிவிடும். முகாமில் இதை நாங்கள் எல்லோரும் செய்வோம். இங்கே யாருக்கும் தெரியாது.

சோளகக் காற்று தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், அம்மா தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொடியிலிருந்த பைகளைக் கழற்றிக்கொண்டு கரைக்குப் போனேன். பேசாலைக்கு மேற்கே, தீவின் வடக்குப் பக்கம் எங்கள் கரை. சோளகக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். முதல் பை எழும்பியதுமே பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நூலை விட்டுவிடு, எவ்வளவு தூரம் போகுது பார்ப்போம் என்றான் ஒருவன். விட்டேன். பை தென்னை உயரத்துக்குப் போய், பிறகு சாய்ந்து, வெகுதூரத்தில் தண்ணீரில் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கைதட்டல். இன்னொன்று, இன்னொன்று என்று பதினொரு பைகளையும் விட்டு முடித்தேன். வீட்டில் கேட்டபோது, காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் அப்பாவும் மாமாவும் கடலுக்குப் போனார்கள். மாமா அம்மாவின் தம்பி. பகிடி விடாமல் ஒரு வசனம் பேசமாட்டார். ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் அவர்கள் படகு கரைக்கு வந்துவிடும். அன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து மீனை இறக்கின. எங்கள் படகு மட்டும் இல்லை. பத்து மணிக்கு அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு வந்தார். பதினொரு மணிக்குப் பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி அவர்கள் வந்து உட்காரத் தொடங்கினால் அது நல்லதற்கில்லை என்று எனக்கும் தெரிந்தது.

கடைசியாக வந்த படகுக்காரர், அப்பாவின் படகைத் தூரத்தில் கண்டதாகவும், இரண்டு பேரும் எஞ்சினைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து நின்றதாகவும், காற்றுக்குத் தன்னால் கிட்டப் போக முடியவில்லை என்றும் சொன்னார். போன் அடித்தால் எடுபடவில்லை. எங்கள் கரையில் பெரிய மனிதர் என்றால் சம்மாட்டியார். நாலு படகு வைத்திருந்தவர். நேவிக்காரரிடம் போய்ப் படகு நம்பரைக் கொடுத்துவிட்டு வந்து, தன் இரண்டு படகுகளைத் தேட அனுப்பினார். பிறகு அம்மாவுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து விளக்கத் தொடங்கினார்.

“சொப்பின் பைதான் இழுத்திருக்கும், தங்கச்சி. போன கிழமையும் ஒரு எஞ்சின் அப்பிடித்தான் நிண்டது. தண்ணி இழுக்கிற ஓட்டையில பை ஒட்டினால் எஞ்சின் சூடாகி இறுகிப்போகும். எந்த மூதேசி கடலுக்குள்ள போட்டதோ தெரியாது.”

“அப்ப அவையள் எந்தப் பக்கம் போவினம்?” என்று அம்மா கேட்டார்.

“இந்தக் காத்துக்கு இரணைதீவுப் பக்கம் இழுபடும். நங்கூரம் பிடிச்சால் நிப்பினம்.”

பிடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பதினொரு பையும் சாய்ந்து சாய்ந்து தண்ணீரில் இறங்கியது கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த மூதேசி நான்தான். அப்பாவையும் மாமாவையும் நான் கொன்றுவிட்டேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மா செபமாலையை எடுத்து, யாரோ தெரியாமல் செய்த பாவத்துக்கு என் பிள்ளையின் தகப்பனை எடுத்துவிடாதே என்று சத்தமாகச் செபிக்கத் தொடங்கினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அந்தக் கவரெல்லாம் நான்தாம்மா விட்டேன்.”

பயத்தில் எனக்கு முகாம் பேச்சுத்தான் வந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

“எத்தினை?”

“பதினொண்ணு.”

அம்மா எழுந்து வந்து அடித்தார். அதற்கு முன்பும் அடி வாங்கியிருக்கிறேன், பின்பும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்று அவர் கையில் இருந்தது கோபம் மட்டும் இல்லை, பயம்; பயத்தில் அடிக்கிற கைக்கு நிறுத்தத் தெரியாது. செபமாலையின் மணிகள் கன்னத்தில் பதிந்துவிட்டன. சம்மாட்டியார்தான் பிடித்து விலக்கினார். நேற்று கைதட்டிய பிள்ளைகள் தாய்மாரின் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

நான் கரையோரமாக ஓடினேன். அழுதுகொண்டு ஓடும்போதே எனக்கு ஒரு கணக்கு வந்தது. பதினொரு பையும் திரும்பக் கிடைத்தால், எஞ்சினுக்குள் போனது என்னுடையது இல்லை என்று ஆகிவிடும். அப்பாவும் வந்துவிடுவார். அந்தோனியாரே, பதினொன்று, பதினொன்று என்று சொல்லிக்கொண்டே சாதாளைப் புல் கரை ஒதுங்கிய இடமெல்லாம் கையை விட்டுக் கிளறினேன். பைகள் கிடைத்தன. அதுதான் பிரச்சினை. கடற்பாசிக்குள் சிக்கியவை, மணலில் பாதி புதைந்தவை, நண்டு செத்துக் கிடந்தவை, வெயிலில் தொட்டால் பொடியாகிறவை. சிவப்புக் கோடு, நீலக் கோடு, எல்லாக் கடையுடையதும் ஒரே மாதிரி. எங்கள் கரைக்கும் அடுத்த கரைக்கும் நடுவில் மட்டும் நாற்பதுக்கு மேல் பொறுக்கிவிட்டேன். அதில் எது என்னுடையது என்று பார்த்தால், எதிலும் நூல் இல்லை; ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு பையையும் யார் விட்டது, நான் பதினொன்றுதானே விட்டேன் என்று மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மூன்று மணிபோல் எங்கள் கரையில் சத்தம் கேட்டது. மடி நிறையப் பைகளுடன் திரும்பி ஓடினேன். சம்மாட்டியாரின் படகு ஒன்று எங்கள் படகைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. அப்பா படகின் முன்பக்கம், அணியத்தில் நின்றார். மாமா பின்னால் கவிழ்ந்து படுத்திருந்தார், ஆனால் கை அசைந்தது. அம்மா உடுத்த சீலையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டார். நங்கூரக் கயிறு அறுந்து, தண்ணீர் முடிந்து, சட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தார்களாம். அப்பாவின் உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது.

மாமா இறங்கி, எஞ்சினிலிருந்து பிய்த்தெடுத்த பையை மணலில் போட்டார். எல்லோரும் பாம்பைப் பார்ப்பதுபோல் சுற்றி நின்று பார்த்தார்கள். வெள்ளைப் பை. ஒரு பக்கம் கிழிந்திருந்தது. வாய்ப் பக்கம் இறுக்கிப் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. மூலையில் தேங்காய்ச் சம்பலின் சிவப்பு இன்னும் போகவில்லை.

“இவள் விட்ட பைதான்,” என்று அம்மா அழுதார். “உங்கட மகள்தான். பதினொண்டு விட்டிருக்கிறாள்.”

அப்பா பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் தோளில் கையை வைத்ததும் மாமா வாயை மூடிக்கொண்டார்.

வாய் கட்டிய பை பறக்காது. பட்டம் விட்ட எனக்கும் சரி, அம்மாவுக்கும் சரி, அன்றைய பயத்தில் அது உறைக்கவில்லை. கடலுக்குக் கொடுத்துவிடும் சாப்பாட்டில் உப்புத் தண்ணீர் படாமல் அம்மாதான் அப்படி இரட்டை முடிச்சுப் போடுவார். அதை அவிழ்க்க யாராலும் முடியாது. பக்கத்தைக் கிழித்துத்தான் அப்பா சாப்பிடுவார். அன்றைக்கும் விடியற்காலையில் புட்டைச் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் செய்வதுபோலப் பையைப் பக்கத்தில் கடலிலேயே போட்டிருக்கிறார். வலை இழுத்த நேரம் முழுக்கப் பையும் படகும் ஒரே நீரோட்டத்தில் கூடவே போயிருக்கின்றன. எஞ்சினை முடுக்கிய இடத்திலேயே அது உள்ளே போயிற்று. இதெல்லாம் மாமா எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் பகிடிபோலச் சொன்னது. நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசவும் இல்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்பா பையைப் படகில் ஏற்ற விடவில்லை. முகாமிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளியில்தான் சாப்பாடு. கடைக்குப் போனால் பனையோலையில் பின்னிய உமல். கடைக்காரர் பையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். கடலில் ஒரு பை மிதந்தாலும் படகைத் திருப்பிப்போய் எடுத்துவந்து கரையில் குவிப்பார். கடல் கூட்டுகிறவர் என்று கரையே அவரைப் பழித்தது. அடுத்த வருடம் சம்மாட்டியாரின் படகுகளிலும் தூக்குவாளி ஏறிற்று. அப்பா கொண்டுவந்து போடும் ஒவ்வொரு பையையும் காணும்போது எனக்கு உடம்பு கூசும். என் பிழையை ஊருக்குச் சொல்லிக்காட்டுகிறார் என்றே நினைத்தேன்.

படகு திரும்பி வந்த அன்று பின்னேரம், ஆட்கள் கலைந்த பிறகு அப்பா வேலியோரம் என் முன்னால் வந்து குந்தினார். என் கன்னத்தில் மணி பதிந்த இடத்தை வலை இழுத்துக் காய்த்த விரலால் தடவினார். உதடு அசைந்தது. வெடிப்பில் மறுபடி இரத்தம் வந்தது. “அம்மாச்சி,” என்று என்னைச் செல்லமாகக் கூப்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, இனிமேல் விடமாட்டேன் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. “பிள்ளைக்குச் சோத்தைப் போடு,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.