ஜுல்பிகர் வாங்கும் கையெழுத்து

"இப்ப எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க? ஒங்க வாயால சொல்லுங்க பாப்போம்."

கையெழுத்து விழுந்ததும் தாளைப் பையில் வைத்துவிட மாட்டார் ஜுல்பிகர். போட்டவர், எதற்குச் சம்மதித்தோம் என்று தம் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். திணறினால் போச்சு. அந்தத் தாளை அவர் கண்முன்னே கிழித்துவிட்டு, புதுத் தாள் எடுத்து முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பார். பசுமலையில், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களையும் கதைகளையும் ஒலிப்பதிவு செய்து இலவசமாகக் கொடுக்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் அவருக்கு இதுதான் வேலை. எழுதியவர், பாடியவர், குரல் கொடுத்தவர் எல்லாரிடமும் அனுமதி வாங்க வேண்டும். வயது ஐம்பத்தெட்டு. மொபெட்டில் சுற்றாத ஊர் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், முன்பு அவர் டவுனுக்குள் கேசட் கடை வைத்திருந்தவர். கேட்ட பாட்டைக் கேட்ட வரிசையில் பதிந்து கொடுப்பார். ஒருத்தரிடமும் அனுமதி கேட்டதில்லை. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் கோபப்பட மாட்டார். "அப்பக் கேக்காததுக்கும் சேத்துத்தான் மாப்ள இப்பக் கேட்டுக்கிட்டுத் திரியிறேன்" என்பார்.

அலுவலகத்தில் அவருடைய காதுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். பதிவுகளைச் செப்பனிடும் முத்துமீனா, ஒரு வரலாற்றுப் பாடத்தின் தொடக்கத்தில் கொஞ்சம் வீணை இசை சேர்த்திருந்தாள்.

"இது யாரு வீட்டு வீணை?"

"நெட்ல சும்மாதாண்ணே கெடந்துச்சு."

"ரோட்டுல சைக்கிளுந்தான் சும்மா நிக்கிது. ஏறிப் போயிருவியா?"

வீணை அன்றைக்கே போயிற்று.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஊர்க்கதைகள் சொல்லும் அழகம்மாளிடம், வக்கீல் நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்த உரிமத்தைப் படித்துக் காட்டினார். கேட்டுவிட்டு அந்த அம்மாள் இரண்டே வரியில் திருப்பிச் சொன்னார்: "எங்கதைய எவ வேணாலும் சொல்லிக்கிரட்டும். அழகம்மா சொன்னதுன்னு சொல்லிரணும்." ஜுல்பிகர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டினார். ஒட்டுவதற்கு முன், அதற்கும் அழகம்மாளிடம் போய் ஒரு கையெழுத்து வாங்கி வந்தார்.

சித்திரை மாதம் ஒரு மதியம் ஜுல்பிகர் ஜாய்ஸ் என்பவளின் வீட்டுக்குப் போனார். ஜாய்ஸ் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள் பொறியாளர். அவளுடைய அப்பா லாசர், மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் இந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு பாடங்களைப் பதிந்து கொடுத்தார். தை மாதம் இறந்துபோனார். அவர் போட்டிருந்த கையெழுத்து நிறுவனத்தின் மாணவர்களுக்கு மட்டும். வேறு பள்ளிகளும் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் ஒரே வாரிசான ஜாய்ஸ் சம்மதிக்க வேண்டும்.

தாளில் மூன்று கட்டங்கள். யாரும் கேட்கலாம்: டிக் அடித்தாள். பிறருக்குக் கொடுக்கலாம்: அதற்கும் அடித்தாள். வெட்டலாம், மாற்றலாம்: பேனா நின்றுவிட்டது.

இந்தக் கட்டம் காலியாக இருந்தால், நாற்பது நிமிடப் பாடத்தைத் தேர்வுக்கு ஏற்றபடி சின்னச் சின்னதாகப் பிரிக்க எந்தப் பள்ளிக்கும் உரிமை கிடையாது. மாணவர்கள் முழுப் பாடத்துக்குள் ஒரு பதிலைத் தேடி அலைய வேண்டியதுதான். ஜாய்ஸுக்கு அது நன்றாகவே தெரியும். மென்பொருள்களின் உரிம விதிகளைச் சரிபார்ப்பது அவள் வேலையில் ஒரு பங்கு. தெரிந்தும் கை ஓடவில்லை.

"அப்பா கொரல யாரும் வெட்ட வேணாண்ணே."

ஜுல்பிகர் வற்புறுத்தவில்லை. ரெண்டு கட்டமே பெரிசு என்றார். டீயை ஆற்றிக்கொண்டே, நூற்றுப் பன்னிரண்டு பாடத்தையும் தாம் ஒன்று விடாமல் கேட்டுவிட்டதாகவும், எட்டாங்கிளாஸில் கோட்டைவிட்ட மின்சாரம் இப்போதுதான் மண்டையில் ஏறியது என்றும் சொன்னார். பிறகுதான் இதைச் சொன்னார்:

"மாஸ்டர் காப்பி மேல ஒருத்தரும் கை வைக்க முடியாதும்மா. வெட்டுறதெல்லாம் காப்பியத்தான். சார் இருமுனதுகூட மாஸ்டர்ல அப்பிடியே கெடக்கும்."

ஜாய்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருமல் போனாப் போகட்டும். மொத வேலையா இதத்தான் வெட்டுவாங்க, கேளுங்க" என்று மடிக்கணினியில் முப்பத்தேழாவது பாடத்தைப் போட்டாள்.

காந்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த லாசர், நடுவில் நிறுத்தினார். "எம்மா ஜாய்ஸு, அந்த ஃபேனக் கொஞ்சம் நிறுத்தும்மா. ரெக்கார்டுல எரையுது."

ஜுல்பிகர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

காந்தம் தொடர்ந்தது. ஜாய்ஸ் மூன்றாவது கட்டத்திலும் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். வெளியே அக்கினி வெயில். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வந்து நின்றது. பாடம் முடிய இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. அதுவரை அவர் ஸ்விட்ச் பக்கம் போகவே இல்லை.