கண்ணாடியில் விழுந்த முகம்

தெருவே அவளை பார்லரக்கா என்றுதான் கூப்பிடும். யாருக்கு முடி வெட்டினாலும் செல்போனில் வீடியோ எடுத்துவிடுவாள். முடிக்கும்போது போனைக் கண்ணாடிப் பக்கம் திருப்பித் தன் மூஞ்சியையும் காட்டுவாள். அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் வினையாக வந்தது.

அரசை எதிர்த்து ஊர்வலத்தில் போன அவள் தம்பியை பார்லருக்கு எதிரே நாற்சந்தியில் வைத்து அடித்து, போலீஸ் வேனில் ஏற்றினார்கள். ஜன்னல் வழியே அதை வீடியோ எடுத்தாள். ஸ்டேஷனில் போய்க் கேட்டால், "அப்படி யாரையும் நாங்க பிடிக்கவே இல்லையேம்மா" என்று கைவிரித்தார்கள். பிடிக்கவே இல்லை என்றால் திருப்பித் தரவும் வேண்டாமே!

சொந்தப் பேரில் போட அவளுக்கென்ன பைத்தியமா? பூப்படம் வைத்துப் புதுக் கணக்கு ஒன்று திறந்து வீடியோவைப் போட்டாள். யார் யாரோ பகிர்ந்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் அங்கத்து எம்.பி. அம்மாள் ஒருவருக்கு அனுப்ப, அவர் அலுவலகத்திலிருந்தே செய்தி வந்தது. நாளை எங்கள் நாடாளுமன்றச் சபையில் காட்டப் போகிறோம், அழிக்கவோ வெட்டவோ வேண்டாம்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "ஏம்மா, அதைக் கடைசி வரைக்கும் பார்த்தியா?"

பார்த்தாள். வேன் போகிறது. போன் திரும்புகிறது. கண்ணாடியில் அவள் மூஞ்சி பளிச்சென்று நிற்கிறது. ஐயோ, புத்தி கெட்டவளே!

"உடனே அழிச்சிடு."

"அழிச்சா பொய் வீடியோன்னு சொல்லிடுவாங்கண்ணே. அப்புறம் என் தம்பி எங்கேன்னு யாரு கேப்பா?"

அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் அழிக்கவில்லை.

மறுநாள் அந்த அம்மாள் முழு வீடியோவையும் சபையில் ஓட்டி, "இந்தப் பையன் எங்கே?" என்று கேட்டார். மற்ற நாடுகளும் கேட்டன. பிடிக்கவே இல்லை என்றவர்கள் அன்று சாயங்காலமே தம்பியை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். உதடு கிழிந்திருந்தது. அவள் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவன் காதோரம் சொன்னான்: "எடுத்தது யாருன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கக்கா. நான் வாயே திறக்கல. உன்னை யாருக்கும் தெரியாது. பயப்படாதே."

"சரிடா" என்றாள்.

அவனை இறக்கிவிட்ட வேன் இன்னும் வாசலிலேயே நின்றது.