மடிப்பிச்சைத் துணியில் ஒரு தொட்டில் விரிப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு நின்றவள் நான். பேனாவைப் பிடித்தால் கை வியர்க்கும். ஊசியைப் பிடித்தால் வியர்க்காது. தையல் விஷயம்தானே, பேனாவை ஊசி என்று நினைத்துக்கொண்டு எழுதிவிடுவோம் என்று அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை தங்கவில்லை. அவள் மறுபடி முழுகாமல் இருந்தபோது நான் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். "தாயே, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் எங்கள் தெருவில் மடியேந்தித் துணி வாங்கி, என் கையாலேயே ஒரு விரிப்பு தைக்கிறேன். பிள்ளை முதன்முதலில் தொட்டிலில் படுப்பது அதன்மேல்தான்." தவமிருந்து பெற்ற பிள்ளைக்குப் பல வீட்டுத் துணி பட்டால் கண் படாது என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. மடியில் விழுந்த எதையும் ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

பெண் பிறந்தாள். தாயும் பிள்ளையும் ராயபுரத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நான் மடியேந்தித் தெருவில் இறங்கினேன்.

வெள்ளைப் பள்ளிச் சட்டை, ஜன்னல் திரை, லுங்கித் துண்டு, கிரிக்கெட் ஆடும் பையனின் பனியன் என்று என்னென்னவோ விழுந்தது. எதிர்வீட்டு மீன்காரக்கா, ஆடி மாசம் கோயிலுக்குக் கட்டிய செக்கச்செவேல் புடவையையே சர்ரென்று கிழித்தார்.

"ஐயோ, புதுசாச்சேக்கா!"

"பின்ன, புள்ளைக்கு பழசையா குடுப்பாங்க? ஒரு வாட்டிதான் கட்டிகினேன். கம்முனு வாங்கிக்கினு போ."

கல்யாணத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். எந்தத் துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும், சுருங்குவது சுருங்கட்டும், சாயம் போவது போகட்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மடியில் விழுந்தது விழுந்தபடியே இருக்க வேண்டும், தண்ணீர் பட்டால் வேண்டுதல் கரைந்துவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. நனைக்காமலே வெட்டினேன்.

மற்றதையெல்லாம் முறையாகத்தான் செய்தேன். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, எல்லாத் துணியையும் அதே அளவில் நறுக்கினேன். பனியன் துணி இழுத்தால் நீளும். அதன் பின்னால் மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தைத்துவிட்டால் அடங்கிவிடும். சதுரங்களை இணைக்கும்போது கால் அங்குலம் உள்ளே தையல் விட்டு, பிசிறை அடர்ந்த நிறத் துணியின் பக்கம் மடித்துத் தேய்த்தேன். அப்போது வெளுத்த துணியின் வழியாக அது தெரியாது. நடுவில் பழைய வேட்டி, அடியில் பழசாகி மெத்தென்றிருந்த என் புடவை. மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே போய், முதலில் நகராமல் பிடித்துக்கொள்ள மட்டும் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டேன். நிஜத் தையலும் நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் கொப்புளம் கட்டிவிடும்.

படகு வேலைக்குப் போகாத நாட்களில் என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, வலையைச் சரிசெய்வது போல விரிப்பின் மூலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி விறைப்பாகப் பிடிப்பார்.

"இன்னாமே, ஒரு தம்மாத்தூண்டு புள்ளைக்கு இவ்ளோ தையலா? இந்நேரத்துக்கு ஒரு வலையே பின்னிகினு போயிருப்பேன்."

"உங்க வலையில ஓட்டை இருக்கலாம். இதுல இருக்கக் கூடாது."

முடிச்சுகளையெல்லாம் அடுக்குக்குள்ளே இழுத்து மறைத்தேன். வெளியே விட்டால் பிள்ளையின் விரல் மாட்டிக்கொள்ளும். ஓரப் பட்டியைக் குறுக்காக வெட்டியதால் மூலையில் சுருக்கமில்லாமல் வளைந்துகொடுத்தது.

தொட்டில் போடுவதற்கு முதல் நாள் காலை. தரையில் வைத்துத் தைத்ததில் தூசி படிந்திருந்தது. பச்சை உடம்புக்கு ஆகாதே என்று வேறு வழியில்லாமல் அலசினேன். சிவப்பு இறங்கி, பள்ளிச் சட்டைச் சதுரமெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. பிள்ளை ஈரம் பண்ணினால் இந்தச் சாயம் அதன் தோலில் அல்லவா ஊறும்? எப்படிப் படுக்கவைப்பது? வேறு துணியில் போட்டால் வேண்டுதல் என்னாவது? வாளி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நாத்தனார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "இன்னா அண்ணி, யாராவது செத்துட்டாங்களா இன்னா?"

"நனைச்சதே தப்பும்மா. அம்மன் கோவிச்சுகினா."

"அம்மனுக்கே தெனம் அபிசேகம் நடக்குது. தண்ணிய பார்த்து அவ பயப்படுவாளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் மீன்காரக்காவும் ஓடிவந்தார். "என் செவப்பாலதான இந்த பேஜாரு? அத்த பிச்சி கடாசு."

"மடியில விழுந்தத ஒதுக்கக் கூடாதுக்கா."

ஒதுக்கத்தான் கூடாது, கழற்றிக் கழுவலாமே! சிவப்புச் சதுரங்களை மட்டும் பிரித்து, தண்ணீர் தெளியும்வரை தனியே அலசினேன். மிச்ச விரிப்பைக் காயவிடவில்லை. ஒட்டிய சாயம் காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். நிறையச் சுடுநீரில் சோப்புத் தூள் போட்டு, துணி தாராளமாக மிதக்கும்படி நெடுநேரம் ஊறவைக்க வேண்டும். ஆனால் பக்கெட்டில் ஊற்றினால் ஆறிப்போகிறது, எத்தனை முறை அடுப்பேற்றுவது?

வீட்டுக்காரர் காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் எடுத்துவரும் ஐஸ் பெட்டியை இழுத்துவந்தார். "ஐஸ உருகாம வச்சிருக்குற பொட்டி, சுடுதண்ணிய மட்டும் ஆற வுட்ருமா?"

"ஏண்ணா, என் பொண்ணு வஞ்சிரம் வாசனையோட தூங்கணுமா?"

"தேச்சி கழுவிட்டேம்மா. காசிமேட்டு ரத்தம்தான, ஒண்ணியும் ஆவாது."

பெட்டி நிறையச் சுடுநீர் ஊற்றி மூடினோம். பல மணி நேரம் கழித்துத் திறந்தாலும் ஆவி பறந்தது. தண்ணீர்தான் ரோஜா நிறம், துணி வெளுத்திருந்தது. மறுபடி மாற்றி ஊற்றினோம். மறுநாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, சிவப்புச் சதுரங்களைத் திரும்பப் பொருத்தி, தொட்டிலில் விரித்தபோது ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வெள்ளைச் சொக்காயோடு பிள்ளையை அதன்மேல் கிடத்தினோம். தாலாட்டு தொடங்குவதற்குள் அவள் விரிப்பை நனைத்துவிட்டாள். பாட்டு அப்படியே நின்றது. மீன்காரக்கா பிள்ளையைத் தூக்கி முதுகுப் பக்கம் திருப்பினார். சொக்காய் நனைந்திருந்தது, ஒரு பொட்டு சிவப்பு இல்லை.

"ஒட்டல! சாயம் ஒட்டலடீ!" என்று அவர் போட்ட கூச்சலில் பிள்ளை வீறிட்டது, நாங்கள் குலவை போட்டோம்.

இப்போது அந்த விரிப்பு அத்திப்பட்டில் நாத்தனார் வீட்டில் இருக்கிறது. அங்கே அனல்மின் நிலையத்துக் கரித்தூசி படிவதால் அடிக்கடி தோய்க்கிறாளாம். ஒரு தையல்கூட விடவில்லை. ஆனால் எங்கள் தெருவில் கதை வேறு மாதிரி நடமாடுகிறது. அம்மன் ராத்திரி வந்து சிவப்பை உறிஞ்சிக்கொண்டாள் என்கிறார்கள். அம்மன் பிள்ளையைக் கொடுத்தாள். அதற்கு நான் சாகும்வரை விளக்கேற்றுவேன். சாயத்தைப் போக்கியது சுடுநீரும் சோப்பும் மீன் பெட்டியும். இல்லாத அற்புதத்தை நம்பி இன்னொருத்தி நனைக்காத துணியை வெட்டிவிட்டு அழக் கூடாது. ஆகையால் படிக்கிற அக்கா தங்கச்சிகளே, இதை யாருக்குச் சொன்னாலும் நான் எழுதியபடியே சொல்லுங்கள். எதையும் சேர்க்காதீர்கள், எதையும் விடாதீர்கள்.