அவரிடம் அனுமதி கேட்கவும்

ஸ்ரீரங்கத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுக்கும் கடையில் எனக்கு வேலை. அடித்ததைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுவேன். காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டர்களுக்குச் சுவிட்ச் போடுவதும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். அதற்கு மேல் அவற்றைத் தொட மாட்டேன்.

எங்கள் டிசைனர் கொள்ளிடம் பாலத்தில் லாரி மோதி இறந்துபோனார். அவர் கம்ப்யூட்டருக்கு முதலாளி சந்தனம் குங்குமம் வைத்து, வேட்டித் துணியால் மூடினார். வருஷம் திரும்பும்வரை யாரும் அதில் உட்காரக் கூடாது என்றார். காலையில் அதற்கு மட்டும் நான் சுவிட்ச் போடுவதில்லை.

முதலாம் ஆண்டு திதி நெருங்கியபோது அவர் மனைவி போஸ்டர் அடிக்கக் கடைக்கு வந்தார். வீட்டில் ஆதார் கார்டு படம் மட்டும்தான் இருந்ததாம்.

"அதுல யாரோ மாதிரி இருக்காருங்க. முக்கொம்பு அணையில எடுத்துக்கிட்டாரே, சிரிச்ச மாதிரி, அது வேணும்."

அந்தப் படத்தை அவர் போனில் எடுத்தவன் நான். போன் அவரோடு நொறுங்கிப் போயிற்று. ஆனால் படத்தை அவர் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். முதலாளியிடம் அதைச் சொன்னேன்.

முதலாளி துணியை விலக்கினார். சந்தனம் காய்ந்து பொருக்காக இருந்த பொத்தானை நான் அழுத்தினேன். உள்ளே போகும் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவர் எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்தார். முதலாளியின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கடையிலுள்ள மெஷின்களின் பெயர்கள் திரையில் இருந்தன. அவற்றுக்குக் கீழே, ஒரு வருஷமாக இல்லாத டிசைனர் பெயரும் வந்து நின்றது. மற்றவற்றைப் போலவே பச்சையாக, உயிரோடு.

"படம் இருக்குற ஃபோல்டர் எல்லா மெஷினுக்கும் ஷேர்லதான் இருக்கு. ஆனா நம்மள விட மாட்டேங்குதே," என்றார் வந்தவர். "இவர்கிட்ட அனுமதி வாங்கிட்டு வான்னு பேரு போட்டுச் சொல்லுது. எங்கண்ணே ஆளு? டீ குடிக்கப் போயிட்டாரா? வரச் சொல்லுங்க, ஒரு நிமிஷ வேலை."

மூலையில் அந்த மெஷின் கரகரவென்று இரைந்தது. முதலாளி குங்குமத்தைக் காட்டினார். வந்தவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அவரு இல்லாமலும் தொறக்கலாம். ஆனா ஃபோல்டருக்கு ஓனர்னு இருக்குற அவரு பேர மாத்தணும்ங்க," என்றார் மெதுவாக.

அந்த அம்மா எழுந்து மூலைக்குப் போனார். திரையைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்: "என்னங்க, தொறக்கட்டுமா?"

வெளியே பஸ் ஹாரன் ஒன்று அடித்து ஓய்ந்தது. அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பி, "தொறங்க" என்றார். அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று நான் கேட்டதில்லை.

ஃபோல்டர் திறந்தது. படம் தனியாக இல்லை. திரை முழுக்கக் கண்ணீர் அஞ்சலிகள். எல்லாவற்றிலும் அவர் முகம், முக்கொம்பில் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. புது டிசைன் போட்டால் அவர் தன் படத்தை வைத்துத்தான் சரிபார்ப்பார். தோற்றம் என்ற இடத்தில் அவருடைய பிறந்த தேதி இருந்தது. மறைவுக்கு நேரே வெறுமை.

"அபசகுனம், அழிடான்னு சொன்னேனே," என்று முதலாளி முணுமுணுத்தார். "பூட்டி வெச்சுருக்கான் பாரு."

அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, ஊதாப்பூ ஓரம் போட்ட ஒன்றைத் தொட்டார். "இது எனக்குப் பிடிச்ச கலரு. இதையே அடிங்க."

மறைவுத் தேதியை அந்த அம்மா சொல்லச் சொல்ல முதலாளி டைப் அடித்தார். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் டிசைனர் வீட்டுத் தெருவில் பசை தடவி ஒட்டினேன். சுருக்கம் விழாமல் முகத்தை உள்ளங்கையால் நீவியபோது, முக்கொம்பில் போலவே அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.