ஹிதாயா மிஸ்ஸின் வெங்காயச் சாக்கு

ஒருவர் கேட்காமலே அள்ளிக் கொடுத்தால் எனக்கு ஆளை நம்பத் தோன்றாது. ஹிதாயா மிஸ் அப்படி அள்ளிக் கொடுக்கிற ஆள். அதனால்தான் அவரை முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை.

புத்தளத்தில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வார இறுதி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே பதினொரு வருடமாகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். செய்னுலாப்தீன் சேர் என்றால் காவலாளி முதல் கன்டீன்காரர் வரை தெரியும். வருகை விரிவுரையாளர்தான், ஆனாலும் அந்தக் கதிரை என்னுடையது என்றே நினைத்திருந்தேன். ஹிதாயா மிஸ் இரண்டு வருடத்துக்கு முன்புதான் இரண்டாவது பிரிவுக்கு வந்தார். கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டக்காரரின் மகள். கணவர் கட்டாரில். இரண்டு பிள்ளைகளையும் உம்மாவிடம் விட்டுவிட்டு, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முந்தியே வந்துவிடுவார். அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே என்ன வேலை என்பதுதான் என் முதல் சந்தேகம்.

விரிவுரையாளர்கள் எல்லோரும் தங்கள் நோட்ஸ், பயிற்சி, படிப்பிக்கும் விதம் அத்தனையையும் இணையத்தில் ஒரே ட்ரைவில் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். சொன்னதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் எந்தக் கணக்கில் சறுக்குகிறார்கள், தான் எந்தப் பாடத்தைக் குழப்பியடித்தார் என்பதையெல்லாம் எழுதிப் போட்டுவிட்டாராம். மற்றவர்கள் சொல்லித்தான் கேள்வி. நான் திறந்து பார்க்கவில்லை. சொந்தப் பிழையை ஊருக்குக் காட்டுகிறவர் சும்மா காட்டுவாரா? என் பங்குக்குப் பழைய ஸ்லைட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து இணைப்பாளர் ஞானேஸ்வரி மெடம் ஓர் அறிவிப்பு விட்டார். அடுத்த வருடம் இரண்டு பிரிவும் ஒன்றாகும். ஒரு வகுப்பு, ஒரு விரிவுரையாளர். மாதிரி எடுத்தல் என்ற பாடத்தை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு நாள் நடத்த வேண்டும். அவர் வந்து பார்த்து முடிவெடுப்பார்.

அடுத்த சனிக்கிழமையே ஹிதாயா மிஸ் என் வகுப்பு வாசலில் நின்றார்.

"சேர், பின்னுக்கு இரிந்து உங்கட பாடத்தப் பாக்கட்டா?"

"ஏன் மிஸ்?"

"பழகத்தான் சேர்."

பழகவாம்! கொப்பியும் கையுமாகக் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். நான் ஸ்லைட்டை வரிக்கு வரி வாசித்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். விடட்டும்.

ஏனென்றால் மாதிரி எடுத்தலுக்கென்று என்னிடம் ஒரு பாடம் இருந்தது. யாருக்கும் எழுதிக் கொடுக்காத பாடம். ஒரு சாக்கு வெங்காயம் கொண்டுவருவேன். மேலே திரண்ட காய், உள்ளே முழுக்கப் பொடிக் காய். மேலிருந்து பத்துக் காயை எடுத்து, தராசில் நிறுத்து, சராசரி எடை சொல்லச் சொல்வேன். சொன்ன பிறகு சாக்கைத் தரையில் கொட்டுவேன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கண்ணில் பட்டதை மட்டும் எடுத்தால் கணக்குப் பொய் சொல்லும் என்று அதற்குமேல் விளக்கவே தேவையில்லை.

வகுப்பு முடிந்ததும் மிஸ் கேட்டார்: "சேர், அந்த வெங்காயப் பாடம் எப்ப? உங்கட பிள்ளைகளுக்கிட்ட கேட்டுட்டு வந்து என்ட பிள்ளைகள் ஒரே அந்தக் கதைதான்."

"அத விட்டு எவ்வளவோ காலம்," என்று பச்சைப் பொய் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய முறை வந்தது. சற்றுப் பிந்தித்தான் போனேன். உள்ளே நுழையும்போதே வெங்காய மணம். ஃபஸ்னா என்ற மாணவி ஒரு சாக்கை மேசையருகே இழுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "மெடம், இது என்ட பாடம்! களவெடுத்திரிக்காங்க!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஹிதாயா மிஸ்ஸின் முகம் சிவந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"ஓம் சேர், உங்கடதான். நீங்க வர முந்தி அதச் சொல்லித்தான் தொடங்கின."

பலகையின் மேல் மூலையில் என் பெயர் எழுதியிருந்தது. கடைசி வாங்கிலிருந்த ஞானேஸ்வரி மெடம், "இருங்க சேர்," என்றார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

சாக்கின் வாயைத் திறந்தார்கள். மேலே திரண்ட காய்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். தராசு இருக்கிறது, விரும்பியவர்கள் உள்ளே கையை விட்டு எடுத்து நிறுக்கலாம் என்றார் மிஸ். ஒருவரும் எழும்பவில்லை.

"தெரியும் மிஸ், உள்ள பொடிதான்," என்றாள் ஃபஸ்னா. எல்லோரும் சராசரியைக் குறைத்து எழுதினார்கள். நானும் என் கொப்பியில் குறைத்துத்தான் எழுதினேன்.

மிஸ் சாக்கைக் கொட்டினார். அடிவரை ஒரே அளவு. ஒரு பொடிகூட இல்லை.

"மேல நல்லதா இரிந்தா உள்ள கூடாததுதான் எண்டு சொல்றதும் எடுத்துப் பாக்காம சொல்றதுதான் பிள்ளைகள்," என்றார்.

பிள்ளைகளுக்குத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு முறை முறைத்திருந்தால் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

மெடம் மெதுவாகக் கேட்டார்: "இது ட்ரைவில ரெண்டு மாசமாக் கிடக்குதே சேர், நீங்க பாக்கேல்லையா?"

வெளியே வந்து, விறாந்தையில் நின்று, முதல் தடவையாக அந்த ட்ரைவைத் திறந்தேன். 'செய்னுலாப்தீன் சேரின் வெங்காயச் சாக்கு' என்றே தலைப்பு. என் பாடம் படிப்படியாக இருந்தது. மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிவிடுவதால் இப்போது யாரும் ஏமாறுவதில்லை, அதனால் சாக்கு முழுவதும் நல்ல காயாகவே நிரப்பிப் பார்க்கலாம் என்று கீழே எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி: 'சேர் இந்தப் பாடத்தை விட்டுவிட்டதாகச் சொன்னதால், பிள்ளைகள் சொன்னதை வைத்து எழுதினேன். சேர், பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.' அதன் கீழே மற்ற விரிவுரையாளர்கள் ஆளுக்கொரு வார்த்தை எழுதியிருந்தார்கள். நான் ஒருவன்தான் எழுதவில்லை.

அடுத்த வாரம் என் முறை. நான் நடத்தத் தேவையில்லை, வகுப்பை ஹிதாயா மிஸ்ஸுக்கே கொடுங்கள் என்று மெடமிடம் போய்ச் சொன்னேன். பிறகு மறுபடி விறாந்தைக்கு வந்து, அவர் எழுதியதன் கீழே, 'பிழை ஒன்றும் இல்லை, மிஸ்' என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்குப் பகல் சாப்பாட்டு நேரம் முழுவதும் போய்விட்டது.